திடீர் வெற்றியும் முஃமினின் பணிவும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும். அம்மா பஃது.



ஒரு வீட்டில் கஷ்டம் வந்தால் அங்கே தஹஜ்ஜுத் நேரத்தில் விளக்கு எரிகிறது. கடன் நெருக்கும்போது கை தானாக துஆவுக்கு உயர்கிறது. பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவேண்டும், மகனுக்கு விசா வரவேண்டும், விற்காமல் கிடக்கும் மனைக்கு ஆள் வரவேண்டும் என்று கண்ணீர் விடுகிறோம். ஒருநாள் அல்லாஹ் கொடுத்துவிடுகிறான். இடம் கிடைக்கிறது, விசா வருகிறது, மனை நினைத்த விலையைவிட மூன்று மடங்குக்குப் போகிறது. அதற்கு அடுத்த மாதம் அந்த வீட்டில் தஹஜ்ஜுத் விளக்கு எரிகிறதா?

வறுமையில் அல்லாஹ்வை நம்புகிறோம். வசதி வந்ததும் அந்த வசதியையே நம்பத் தொடங்கிவிடுகிறோம். இதுதான் நாம் இன்று பேசவேண்டிய நோய். துன்பம் மட்டும் சோதனை அல்ல. நன்மையைக் கொண்டும் தீமையைக் கொண்டும் நாம் சோதிக்கப்படுகிறோம் என்று அல்லாஹ் 21ஆம் அத்தியாயம் 35ஆம் வசனத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டான். துன்பம் வந்தால் சோதனை என்று நமக்கே தெரிகிறது. வெற்றி வந்தால் அது சோதனை என்று தெரிவதில்லை. அதனால்தான் அது கடினமான சோதனை.

கயிறு யார் கையில்?

நாம் முத்துக்குளித்துறை மக்கள். பழைய காயல் துறைமுகத்தையும் இந்தக் கடலின் முத்துக்களையும் பற்றி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதி வைத்துப் போனார். நம் கரையின் முஸ்லிம்களும் பரதவர்களும் பல நூறு ஆண்டுகள் ஒரே கடலில், அருகருகே தோணி நிறுத்திக் குளித்தவர்கள்.

முத்துக்குளிப்பவர் எப்படி இறங்குவார்? கயிற்றில் கட்டிய கனமான கல்லின் மேல் கால் வைத்து, மூச்சை அடக்கி, 5 முதல் 10 பாகம் ஆழம்வரை போவார். கீழே இருப்பது சுமார் ஒரு நிமிடம். அந்த நேரத்துக்குள் சிப்பிகளைத் தடவி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பார். தோணியில் கயிறு பிடிப்பவர் அவரை மேலே இழுப்பார். கயிறு பிடிப்பது சொந்த மைத்துனர்தான் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். தங்கையின் தாலி பிழைக்கவேண்டும் என்ற கவலை அவருக்குத்தானே அதிகம்!

கீழே இருப்பவரின் கையில் உலகத்திலேயே விலை உயர்ந்த முத்து இருக்கலாம். ஆனால் அவருடைய அடுத்த மூச்சு மேலே கயிறு பிடித்தவரின் கையில் இருக்கிறது. பை நிறைந்துவிட்டது, இனி எனக்குக் கயிறு எதற்கு என்று எந்தக் குளிப்பாளியும் அறுத்துவிட்டதில்லை. பை கனக்கக் கனக்கத்தான் கயிறு அதிகம் தேவைப்படுகிறது.

சகோதரர்களே, மனிதர் பிடித்த கயிறு தவறக்கூடும். அல்லாஹ்வின் பிடி தவறாது. ஆனாலும் நாம்தான் பை நிறைந்தவுடன் அந்தக் கயிற்றை மறந்துவிடுகிறோம். செல்வம் வந்தபின் பஜ்ரு போய்விடுகிறது. கடை பெரிதானபின் ஜும்ஆவுக்கு வருவது இரண்டாவது பாங்குக்குப் பிறகு என்றாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பிரிட்டிஷார் காலத்தில் எடுத்து வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குப் போகும், ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. தன் பங்குச் சிப்பியைக் கையில் வாங்கும்போதும் உள்ளே முத்து இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றவரும் அதே ஆழம் இறங்கியவர், அதே மூச்சை அடக்கியவர். ஒருவருக்கு முத்து இருக்கும், மற்றவருக்கு வெறும் ஓடு. உழைப்பு இருவருக்கும் சமம், ரிஸ்க் அல்லாஹ்வின் முடிவு. முத்து கிடைத்தவர் கிடைக்காதவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியுமா?

கடலிடம் கேட்காமல் போட்ட கணக்கு

120 ஆண்டுகளுக்கு முன் நம் எதிர்க்கரையில் நடந்ததைக் கேளுங்கள். இலங்கையின் மறிச்சுக்கட்டியில் 1905இல் மிகப்பெரிய முத்துக்குளிப்பு நடந்தது. தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் தோணிகள் போயின. அரபு நாட்டிலிருந்தும் குளிப்பவர்கள் வந்தார்கள். அந்த ஒரு பருவத்தில் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதற்கு முன் 1890களில் பல ஆண்டுகள் குளிப்பே இல்லாமல் கிடந்த கடல் அது.

இந்தத் திடீர் வெற்றியைக் கண்டு லண்டனில் ஒரு கம்பெனி உருவானது. 1906 முதல் 20 ஆண்டுகளுக்கு அந்த முத்துப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகைப் பணம் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். ஆய்வாளர்களின் அறிக்கை கையில் இருந்தது, மூலதனம் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது. 1907க்குப் பிறகு பார்களில் எடுப்பதற்குச் சிப்பி இல்லை. 20 ஆண்டுக் கனவு கண்ட கம்பெனி 1912இல் கலைக்கப்பட்டது.

அவர்கள் முட்டாள்கள் அல்ல. திட்டமிட்டது தவறும் அல்ல. ஒரு நல்ல பருவத்தைப் பார்த்துவிட்டு, இனி எல்லாப் பருவமும் இப்படித்தான் என்று உறுதி கொண்டதுதான் தவறு. நம் கரையிலும் 1955 முதல் 1961 வரை குளிப்பு நடந்தது. அதன்பின் அப்படி ஒரு பருவம் வரவில்லை.

இதே கணக்கை நாமும் போடுகிறோம். ஒரு ஆண்டு வியாபாரம் நன்றாகப் போனால், அடுத்த பத்து ஆண்டும் இப்படியே போகும் என்று வட்டிக்குக் கடன் வாங்கி மாளிகை கட்டுகிறோம். ஸூரத்துல் கஹ்ஃபில் (18:32-44) இரண்டு தோட்டக்காரனின் வரலாறு வருகிறதே, அவன் தன் தோட்டத்தில் நின்றுகொண்டு இது ஒருபோதும் அழியும் என்று நான் நினைக்கவில்லை என்றுதான் சொன்னான். நீ உன் தோட்டத்துக்குள் நுழைந்தபோது மாஷா அல்லாஹ் என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று தோழர் கேட்டார். இன்று அந்த மாஷா அல்லாஹ்வை நாம் கிரானைட் கல்லில் வெட்டி வாசலுக்கு மேலே பதித்துவிடுகிறோம். சுவர் சொல்கிறது. வீட்டுக்காரர் சொல்வதில்லை.

காரூன் சொன்ன சொல், ஸுலைமான் நபி சொன்ன சொல்

வெற்றி வந்தபோது இரண்டு பேர் பேசிய பேச்சைக் குர்ஆன் பதிவு செய்திருக்கிறது. காரூனின் கருவூலச் சாவிகளைத் தூக்கவே பலசாலிகளின் கூட்டம் தேவைப்பட்டது. அவனிடம் எச்சரித்தபோது, இதெல்லாம் என்னிடமுள்ள அறிவால் எனக்குக் கிடைத்தது என்றான் (28:78). பூமி அவனையும் அவன் வீட்டையும் விழுங்கியது.

ஸுலைமான் (அலை) அவர்களுக்குக் கிடைத்தது காரூனுக்குக் கிடைத்ததைவிடப் பெரிது. ஸபா நாட்டு அரசியின் சிம்மாசனம் கண் மூடித் திறப்பதற்குள் முன்னால் வந்து நின்றபோது, இது என் இரட்சகனின் அருள், நான் நன்றி செலுத்துகிறேனா மறுக்கிறேனா என்று சோதிப்பதற்காகத் தந்திருக்கிறான் என்றார்கள் (27:40). அந்தக் கணத்திலும் அவர்கள் அதைச் சோதனை என்று அடையாளம் கண்டார்கள்.

காரூனின் குற்றம் அறிவு இருந்தது அல்ல. இஸ்லாம் அறிவைக் குறை சொல்லாது. 1973இல் நம் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் முத்துச்சிப்பியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். பாராட்ட வேண்டிய சாதனை. ஆனால் அதில் மனிதன் செய்வது என்ன? சிப்பியைத் திறந்து ஒரு சிறு உருண்டையை உள்ளே வைப்பது, பிறகு கடலில் விட்டுக் காத்திருப்பது. அதன்மேல் படலம் படலமாக ஒளியைப் பூசுவது சிப்பி. அந்தச் சிப்பிக்கு அதைக் கற்றுக் கொடுத்தவன் அல்லாஹ். நம் படிப்பு, உழைப்பு, திறமை எல்லாம் அந்தச் சிறு உருண்டைதான். அது தேவை. ஆனால் அதுவே முத்து அல்ல.

மூன்று பேரும், நம் வீட்டு நிலமும்

புகாரியில் வரும் ஒரு ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பனூ இஸ்ராயீலில் மூன்று பேர். ஒருவர் குஷ்டரோகி, ஒருவர் வழுக்கைத் தலையர், ஒருவர் பார்வையற்றவர். அல்லாஹ் ஒரு மலக்கை அனுப்பினான். மூவருக்கும் குறை நீங்கியது. ஒருவருக்குச் சினை ஒட்டகம், ஒருவருக்குச் சினைப் பசு, ஒருவருக்கு ஆடு கிடைத்தது. அவை பெருகி ஆளுக்கொரு பள்ளத்தாக்கு நிறைந்தது. பிறகு அதே மலக்கு ஏழை வழிப்போக்கர் வேடத்தில் வந்தார். குஷ்டம் நீங்கியவரிடம் ஓர் ஒட்டகம் கேட்டார். எனக்கு ஏகப்பட்ட செலவுகள் என்றார் அவர். நீங்கள் ஏழையாக, நோயாளியாக இருந்தவர் அல்லவா என்று கேட்டதும், இது என் முன்னோர் வழிவழியாக எனக்கு விட்டுச் சென்ற சொத்து என்றார். இரண்டாமவரும் அப்படியே. மூன்றாமவர் மட்டும், நான் குருடனாக இருந்தேன், அல்லாஹ் பார்வை தந்தான், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவருடைய செல்வம் நிலைத்தது. அல்லாஹ்வின் திருப்தியும் கிடைத்தது.

முதல் இருவரும் பழைய நாளை மறந்தார்கள். மூன்றாமவர் மறக்கவில்லை. பணிவு என்பது தலையைக் குனிந்து நடப்பதில் மட்டும் இல்லை. நேற்று நான் எப்படி இருந்தேன் என்பதை நினைவில் வைத்திருப்பதில் இருக்கிறது.

இதை நம் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன். வாப்பா மௌத்தாகும்போது ஊருக்கு வெளியே உடைமரம் முளைத்த நிலம் ஒன்று இருந்தது. யாருக்கும் வேண்டாத நிலம். காக்கா அதைப் பார்த்துக்கொண்டார். ராத்தாவும் தங்கையும் பங்கு கேட்கவில்லை, கேட்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. பதினைந்து ஆண்டு கழித்து அந்தப் பக்கம் சாலை வருகிறது, தொழிற்சாலை வருகிறது, நிலம் கோடிக்குப் போகிறது. இப்போது காக்கா என்ன சொல்கிறார்? நான்தானே வேலி போட்டேன், நான்தானே தீர்வை கட்டினேன், என் சாமர்த்தியத்தில்தானே இந்த விலைக்கு விற்றேன் என்கிறார். சகோதரர்களே, இது யாருடைய பேச்சு? என்னிடமுள்ள அறிவால் எனக்குக் கிடைத்தது என்று சொன்னவனுடைய பேச்சு.

வேலிக்குச் செலவழித்ததையும் கட்டிய தீர்வையையும் கணக்கு வைத்துக் கழித்துக்கொள்ளலாம், ஆலிம்களிடம் கேட்டுச் செய்யலாம். ஆனால் ஆணுக்கு இரண்டு பங்கு என்றால் பெண்ணுக்கு ஒரு பங்கு என்று 4:11இல் அல்லாஹ் எழுதிய பங்கு, விலை ஏறியதால் மறைந்துவிடாது. பெருமை என்றால் என்ன என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியது முஸ்லிமில் இருக்கிறது. நல்ல ஆடை உடுத்துவது பெருமை அல்ல என்றார்கள். உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதும்தான் பெருமை என்றார்கள். ராத்தாவின் பங்கை மறுத்தால் அங்கே உண்மையும் மறுக்கப்படுகிறது, அவரும் இழிவாக்கப்படுகிறார். தோளில் துண்டு போட்டுப் பணிவாக ஸலாம் சொல்லி நடந்தாலும் அந்த இடத்தில் பணிவு இல்லை.

மக்காவும் ஹுனைனும்

வெற்றியில் பணிவு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு மக்கா வெற்றியைவிடப் பெரிய பாடம் இல்லை. ஹிஜ்ரி 8, ரமளான். விரட்டியடித்த ஊருக்குள் பத்தாயிரம் பேருடன் நபி (ஸல்) அவர்கள் நுழைகிறார்கள். தாடி ஒட்டகத்தின் சேணத்தைத் தொடும் அளவுக்கு அவர்களின் தலை தாழ்ந்திருந்தது என்று வரலாற்றில் வருகிறது. பழிவாங்கும் நாள் மன்னிக்கும் நாளானது. வெற்றி வந்தால் என்ன செய்யவேண்டும் என்று ஸூரத்துந் நஸ்ரில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். இறைவனைப் புகழ்ந்து துதி, அவனிடம் மன்னிப்புக் கேள் என்பதே அந்தக் கட்டளை. தோற்றவன் மன்னிப்புக் கேட்பது உலக வழக்கம். ஜெயித்தபோது இஸ்திஃக்பார் செய்யச் சொல்வது இஸ்லாம்.

அடுத்த மாதமே ஹுனைன். இப்போது பன்னிரண்டாயிரம் பேர். இன்று நாம் எண்ணிக்கைக் குறைவால் தோற்கமாட்டோம் என்ற நினைப்பு சிலருக்கு வந்தது. பத்ரில் 313 பேராக நின்றபோது அல்லாஹ்வை மட்டும் நம்பிய சமூகத்துக்கு, எண்ணிக்கை கூடியதும் எண்ணிக்கை மேல் நம்பிக்கை வந்துவிட்டது. முதல் தாக்குதலிலேயே வரிசை சிதறியது. விசாலமான பூமி அவர்களுக்கு நெருக்கமாகிப் போனதை 9:25இல் அல்லாஹ் நினைவூட்டுகிறான். நபி (ஸல்) அவர்கள் அசையாமல் நின்றார்கள். அப்பாஸ் (ரலி) அவர்களின் குரல் கேட்டுத் தோழர்கள் திரும்பினார்கள், அல்லாஹ் உதவி இறக்கினான். ஸஹாபாக்களுக்கே இந்தப் பாடம் தேவைப்பட்டது என்றால் நமக்கு எவ்வளவு தேவை!

நாட்களை மக்களிடையே மாறி மாறி வரச் செய்வதாக அல்லாஹ் 3:140இல் சொல்கிறான். ஓட்டப்பிடாரம் பக்கம் போகிறவர்கள் பாஞ்சாலங்குறிச்சியைப் பார்க்காமல் வரமாட்டார்கள். 1799 அக்டோபர் 16இல் கயத்தாறில் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி வந்து மீண்டும் எழுப்பிய மண்கோட்டையையும் 1801இல் தரைமட்டமாக்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அன்று வெற்றியின் உச்சியில் நின்றது. இனி நம்மை அசைக்க யார் என்று நினைத்திருக்கும். 1858இல் அதன் ஆட்சி போனது, 1874இல் கம்பெனியே இல்லாமல் போனது. பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் நினைவுக்கோட்டை எழுந்தது. இடித்தவர்களின் கம்பெனி இன்று இல்லை, இடிக்கப்பட்டவர்களின் பெயர் இருக்கிறது. எந்த வெற்றிக்கும் அல்லாஹ் நிரந்தரப் பட்டா எழுதிக் கொடுக்கவில்லை.

வசதியில் தவக்குல்

தவக்குல் என்றால் சும்மா இருப்பது அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பு என்பது நபிமொழி. பணம் வந்தால் பாதுகாத்து வையுங்கள், ஹலாலான வழியில் முதலீடு செய்யுங்கள், கணக்கு எழுதுங்கள். ஆனால் மனம் சாய்ந்திருக்கும் இடம் கயிறாக இருக்கவேண்டும், பையாக இருக்கக்கூடாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருடத்தில் பெய்யவேண்டியது ஒருநாளில் பெய்தது. வெள்ளம் யாருடைய பாவத்துக்காக வந்தது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கில்லை, நல்லவர்களின் வீட்டிலும் தண்ணீர் நின்றது. ஆனால் ஒன்றை எல்லோரும் பார்த்தோம். காரும் மிதந்தது, சைக்கிளும் மிதந்தது. மாடி வீட்டுக்காரரும் கூரை வீட்டுக்காரரும் ஒரே வரிசையில் நின்று சோற்றுப் பொட்டலம் வாங்கினார்கள். அந்த இரவில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை, தண்ணீர் வடிந்தபிறகும் உண்மைதான்.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வெறுங்கையுடன் வந்து, சந்தைக்கு வழி கேட்டு, வியாபாரத்தில் பெரும் செல்வந்தரானவர்கள். ஒருநாள் நோன்பு திறக்க உணவு வைக்கப்பட்டது. அப்போது முஸ்அப் இப்னு உமைர் (ரலி) நினைவுக்கு வந்துவிட்டார்கள். என்னைவிடச் சிறந்த அவர் ஷஹீதானபோது கஃபனிடத் தலையை மூடினால் கால் தெரியும், காலை மூடினால் தலை தெரியும் அளவுக்கு ஒரு துணிதான் இருந்தது, நம்முடைய நன்மைகளுக்கான கூலி இங்கேயே கொடுக்கப்பட்டுவிட்டதோ என்று அஞ்சி அழுதார்கள், உணவை விட்டுவிட்டார்கள். செல்வம் வந்தது, ஆனால் மனம் செல்வத்தில் சாயவில்லை.

வெற்றிச் செய்தி வந்தவுடன் என்ன செய்வது?

முதலாவது, ஸஜ்தா. மகிழ்ச்சியான செய்தி வந்தால் நபி (ஸல்) அவர்கள் நன்றி ஸஜ்தாவில் விழுவார்கள். தவ்பா ஏற்கப்பட்ட செய்தி கேட்ட கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களும் உடனே ஸஜ்தாவில் விழுந்தார்கள். ஒளுவுடன் கிப்லாவை நோக்கி ஒரு ஸஜ்தா செய்யுங்கள். இது தொழுகைக்கு வெளியே செய்வது. ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன் நெற்றி தரையில் படட்டும்.

இரண்டாவது, கடனும் பங்கும். பழைய கடனைக் கேட்காமலே கொண்டுபோய்க் கொடுங்கள். வாரிசுப் பங்கைப் பிரியுங்கள். நிஸாபை அடைந்து ஓர் ஆண்டு நிறைந்தால் இரண்டரை சதவீத ஜகாத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாவது, பழைய உறவு. உங்களிடம் ஒன்றும் இல்லாத நாளில் டீ வாங்கித் தந்த நண்பரைத் தேடிப் போங்கள். அவர் உங்களிடம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நான்காவது, கிடைக்காதவரின் மனம். உங்கள் பிள்ளை தேர்வில் ஜெயித்த அதே நாளில் அடுத்த வீட்டுப் பிள்ளை தோற்றிருக்கலாம். இனிப்பு கொடுக்கப் போகும்போது அந்தப் பிள்ளையை உங்கள் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். இருவரும் ஒரே ஆழம் இறங்கியவர்கள்.

ஐந்தாவது, கஷ்டத்தில் கேட்ட துஆவை நிறுத்தாதீர்கள். கொடு என்று கேட்ட நாக்கு, இதில் பரக்கத் செய், இதைக் கொண்டு என்னை வழிகெடுத்துவிடாதே என்று கேட்கட்டும்.

யா அல்லாஹ்! நீ தந்ததைக் கொண்டு எங்களைப் பெருமைக்காரர்களாக ஆக்கிவிடாதே. வறுமையில் உன்னை அழைத்ததுபோல் வசதியிலும் உன்னையே அழைக்கும் உள்ளத்தைத் தா. எங்கள் கையில் இருக்கும் பிறர் பங்கை மௌத்துக்கு முன் உரியவரிடம் சேர்க்கும் தைரியத்தைத் தா. கடலுக்குப் போனவர்களையும் வெளிநாட்டில் உழைப்பவர்களையும் ஸலாமத்தாகத் திருப்பிக் கொண்டுவா. எங்கள் கயிறு உன் கையில்தான் என்பதைக் கடைசி மூச்சுவரை மறக்காதவர்களாக எங்களை ஆக்கிவிடு.

ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!